ஏணியில் இருந்து விழுந்தால் தப்பு யாருடையது?

வாசகர் கேள்வி | 18.12.2023, இரவு 9.40

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஒரு கான்ட்ராக்டரிடம் சதுர அடிக் கணக்கில் பேசி விட்டேன். மதுரையில் மாடி வீடு. மூன்றாம் நாள் ஒரு பெயிண்டர் ஏணியில் இருந்து விழுந்துவிட்டார். பத்தடி இருக்கும். வயது நாற்பது. குதிகால் உடைந்து மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னால் முடிந்த பணத்தைக் கொடுத்தேன். இருபது வருஷமாக இதே வேலை செய்பவருக்கு ஒரு ஏணியில் ஒழுங்காக நிற்க முடியாதா? கவனக்குறைவுதானே? இதற்கு மேல் யாருக்கு என்ன பொறுப்பு?

18.12.2023, இரவு 11.10

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. முதுகை எக்ஸ்ரே எடுத்தார்களா? உயரத்தில் இருந்து நின்ற வாக்கில் விழுபவருக்கு அடி குதிகாலோடு நிற்காது. கால் வழியாக ஏறி முதுகெலும்பில் போய் இறங்கும். குதிகால் வலி உயிர் போகிற வலி. அந்த வலியில் முதுகு வலிப்பதே தெரியாமல் போய்விடும். நாளைக் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போங்கள். முதுகு வலிக்கிறதா, கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் எலும்பு டாக்டரிடம் முதுகையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தப்பு யாருடையது என்று அப்புறம் பேசலாம்.

19.12.2023, காலை 5.50

தூக்கம் வரவில்லை. சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பெயிண்டர். 2012 ஜனவரி, போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது விழுந்தார். நான் அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். இரண்டு குதிகாலும் போயிற்று. 'முதுகும் ஒரு மாதிரி இருக்கு' என்று அன்றைக்கே சொன்னார். கீழே விழுந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று நாங்கள் எல்லாரும் விட்டுவிட்டோம். மூன்று வாரம் கழித்து, படுக்கையில் திரும்பவே முடியாமல் போன பிறகு, வேறு ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இடுப்பு முதுகெலும்பில் முதல் எலும்பு நசுங்கியிருந்தது. குதிகால் என்று கேட்டதுமே முதுகைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்றார் அவர். அந்த ஒரு வாக்கியம்தான் நேற்று ராத்திரி உங்களுக்கு எழுதியது.

அப்பா இப்போது நடக்கிறார். கடைக்குப் போகிறார். ஏணி ஏறியது அதோடு முடிந்தது.

எப்படி விழுந்தார் என்பதை மேஸ்திரி எங்களுக்குச் சொன்னார். ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே கை எட்டாத ஒரு மூலை. ஏணியை நகர்த்தாமல் எட்டி அடித்திருக்கிறார், சாய்ந்துவிட்டார். அப்பாவின் கவனக்குறைவு. பல வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் கோபம் வரவில்லை. நானே கேட்ட கேள்வி அது.

19.12.2023, இரவு 10.05

இன்றைக்கு வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். நான் கட்டட சூப்பர்வைசர். ஒன்பது வருஷம் ஆகிறது.

'ஏன் எட்டி அடிக்கிறார்கள்' என்பதை ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஏணியில் நிற்பவர் கை எட்டும் தூரம் அடித்து முடிக்கிறார். அடுத்த துண்டுக்குப் போக வேண்டும் என்றால் கொக்கியில் மாட்டிய பெயிண்ட் வாளியைக் கழற்றி, இறங்கி, வாளியை வைத்து, ஏணியை இரண்டடி நகர்த்தி, ஆட்டிப் பார்த்து, திரும்ப ஏறி, வாளியை மாட்டி, பிரஷை எடுக்க வேண்டும். மூன்று நிமிஷம். ஒரு நாளில் இப்படி நாற்பது தடவை நகர்த்த வேண்டி வரும். அதுவே இரண்டு மணி நேரம். சதுர அடிக் கணக்கில் கூலி பேசிய இடத்தில் இந்த இரண்டு மணி நேரத்துக்குக் காசு கிடையாது. எட்டி அடித்தால் நகர்த்துவது பாதியாகக் குறையும். பொங்கலுக்கு முன்னால் இன்னொரு வீடு காத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கவனக்குறைவு என்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை. அவர் கணக்குப் போட்டுத்தான் எட்டுகிறார். அந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தது நாம் பேசிய ரேட்.

எங்கள் சைட்டில் பெயிண்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: தொப்புள் ஏணியின் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தொப்புள் வெளியே போனால் இறங்கி நகர்த்து. சிரிப்பார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள்.

20.12.2023, மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் ஒரு குறிப்பு. 'பத்தடிதானே' என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். பத்தடியில் இருந்து விழுபவர் 0.8 விநாடியில் தரைக்கு வந்துவிடுகிறார். வந்து மோதும்போது வேகம் மணிக்கு 28 கி.மீ. ஆறடியில் இருந்து விழுந்தாலே 21 கி.மீ.க்கு மேல். கையைத் தூக்கித் தலையைக் காப்பாற்றக்கூட நேரம் கிடையாது. பத்து மாடிச் சாரத்தில் ஏறுபவர் பயந்து பயந்து ஏறுவார். பத்தடி ஏணியில் யாருக்கும் பயம் வராது. ஹெல்மெட்டை நான் கட்டாயம் போடச் சொல்வது இந்தப் பத்தடிக்குத்தான். தாடைப் பட்டையையும் மாட்ட வேண்டும். பட்டை மாட்டாத ஹெல்மெட் ஆள் தரையில் மோதுவதற்கு முன்னாலேயே தலையில் இருந்து கழன்றுவிடும்.

20.12.2023, இரவு 9.30

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். பெயிண்டர் வீட்டுக்குப் போனாராம், முதுகு வலி இருக்கிறதாம், நாளைக்குப் படம் எடுக்கிறார்களாம். நன்றி. எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

'கீழே ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் போதுமே' என்பதற்கு: பிடிப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சித்தாள் அக்கா. அவரை அப்போதே 'தண்ணி கொண்டா', 'பிரைமர் டப்பாவை எடு' என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். அவர் நகர்ந்த நிமிஷம்தான் ஏணி நகரும். நகராமல் நின்றாலும் மேலே ஒரு ஆள் எடையோடு ஏணி சரிந்தால் கீழே நிற்பவரால் தாங்க முடியாது, அவர் மேலேயும் விழும். ஏணியின் தலையை ஜன்னல் கம்பியிலோ கைப்பிடிச் சுவரின் தூணிலோ கயிற்றால் கட்டிவிடுவதுதான் பிடிப்பு. ஏறி அதைக் கட்டும்வரை மட்டும் கீழே ஆள் நிற்கட்டும்.

22.12.2023, இரவு 10.40

ஏணியை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள். நாலுக்கு ஒன்று. நாலடி ஏணிக்கு ஒரு அடி கால் வெளியே. பதினைந்தடி ஏணி என்றால் சுவரில் இருந்து மூன்றே முக்கால் அடி. அதைவிட நெட்டாக வைத்தால் பின்பக்கம் மல்லாந்துவிடும். அதைவிடப் படுக்க வைத்தால் கால் வழுக்கி வெளியே ஓடும். டேப் இல்லையா? ஏணிக் காலில் பெருவிரலை ஒட்டி நில்லுங்கள். கையை நேராக நீட்டுங்கள். தோள் உயரத்தில் உள்ள படி உள்ளங்கையில் தட்டுப்பட்டால் சரி.

மாடிக்கு ஏறும் ஏணி என்றால் மாடி விளிம்புக்கு மேலே மூன்றடிக்குக் குறையாமல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏறுவதைவிட, மேலே போய் ஏணியை விட்டுக் கால் மாற்றும் நொடியில்தான் விழுகிறார்கள். அப்போது பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

23.12.2023, காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு பிழை. கொத்தனார் ஒருவர் பிடித்துவிட்டார், அவருக்கு வணக்கம். நாலுக்கு ஒன்று என்பது ஏணியின் நீளத்துக்கு இல்லை. ஏணி சுவரில் எந்த இடத்தில் சாய்கிறதோ அந்த உயரத்துக்கு. பதினைந்தடி ஏணியில் மேலே மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தால் சாயும் இடம் ஏறக்குறைய பன்னிரண்டடி. கால் மூன்றடி தள்ளி இருந்தால் போதும். மூன்றே முக்கால் வைத்தால் படுத்துவிடும். முதலில் எழுதியதை அப்படியே விட்டு வைக்கிறேன். பாதி படித்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வந்து பார்க்கட்டும்.

26.12.2023, இரவு 11.30

இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

அப்பாவை ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்களாம். முதுகு உடைந்த ஆளை அப்படித் தூக்கவே கூடாது. அசைக்காமல் 108-க்குச் சொல்லி, கழுத்தும் முதுகும் மடங்காமல் பலகையில்தான் மாற்ற வேண்டும். அவர்களுக்கு அது தெரியாது, பதற்றம். அதை நான் குறை சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது அவசரப் பிரிவு மேஜையில் நடந்தது. எப்படி அடிபட்டது என்று அங்கே கேட்பார்கள். சொல்வதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அப்பா வலியில் கத்திக்கொண்டிருந்தார். பதில் சொன்னவர் மேஸ்திரி. 'வீட்டுப் படியில் தவறி விழுந்துட்டார்.' அதுதான் எழுதப்பட்டது. போலீஸ், கேஸ் என்று போனால் வேலை நின்றுவிடும், எல்லாச் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். முதல் பில்லைக் கட்டினார். அப்புறம் போன் எடுக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு வக்கீலிடம் போனோம். அவர் கேட்ட முதல் தாள் அந்த ஏ.ஆர். காப்பி. படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். 'வீட்டுப் படின்னு இருக்கே, தம்பி' என்றார்.

வேலையில் அடிபட்டதற்கு வேறு சாட்சி வைத்தும் நிரூபிக்கலாம்தான். கூட வேலை செய்த இரண்டு பேர் வந்து சொன்னால் போதும் என்றார் வக்கீல். அந்த இரண்டு பேரும் அதே மேஸ்திரியிடம்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்க அப்பா விடவில்லை.

ஆகவே கேட்டவரே, உங்கள் பெயிண்டரின் ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பைக்கில் விழுந்தார் என்று எழுதுவதும் நடக்கிறது. தப்பாக இருந்தால் இப்போதே, வாரக்கணக்கில் தள்ளாமல், எழுத்தில் கொடுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் கண் முன்னால் விழுந்தவர். நீங்கள் சொன்னால் எடுபடும்.

28.12.2023, இரவு 10.20

சட்டத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்காகத் தேடித் தேடிப் படித்ததில் எனக்கு இது மனப்பாடம். எல்லாம் 2023 நிலவரம்.

1923-ஆம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். நூறு வருஷம் ஆகிவிட்டது. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி கொடுக்க வேண்டும். முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஏணியை எட்டி அடித்தார், கவனம் இல்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. உங்கள் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் இதுதான். உங்கள் விஷயத்தில் ஆளை வேலைக்கு வைத்தவர் கான்ட்ராக்டர், அவர்தான் முதலாளி. பெரிய கட்டட கம்பெனி தன் வேலையை மேஸ்திரிக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் கம்பெனியிடமே நேராகக் கேட்கலாம், 12-ஆம் பிரிவு.

வைத்தியத்துக்கு ஆன உண்மையான செலவை முதலாளி கொடுக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அதாவது மொத்தத்தில் பாதிச் சம்பளம். நிரந்தரமாகக் குறை ஆகிவிட்டால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்கி, வேலை செய்யும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அந்த அளவு. நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. நாள் கூலி 900, மாதம் 26 நாள் என்றால் 23,400. 30 சதவீதம் திறன் போனது என்று டாக்டர் எழுதினால் ஏழே முக்கால் லட்சம் வரும்.

இரண்டு வருஷத்துக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்றுக்கொள்ளலாம்.

29.12.2023, மதியம் 1.05

மேலே உள்ள கணக்கை யாரும் நம்பி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதை விட்டுவிட்டேன். 2020 ஜனவரியில் இருந்து 15,000. எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்கில் வருவது அவ்வளவுதான். 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530. அதில் 30 சதவீதம் 4,97,259. ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா விழுந்தபோது வரம்பு 8,000-தான்.

ராத்திரி பதினோரு மணிக்குக் கணக்கு எழுதக் கூடாது.

29.12.2023, இரவு 9.50

இன்னும் இரண்டு கேள்வி. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால்? கட்டடத் தொழிலாளிகளுக்கும் 2015 ஆகஸ்டில் இருந்து ஈ.எஸ்.ஐ. உண்டு. பதிவாகியிருந்தால் இந்த 1923 சட்டத்தில் கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ.யில்தான் கேட்க வேண்டும். அங்கே வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். அது இதைவிட நல்லது. ஆனால் வீட்டுக்கு வீடு போகும் பெயிண்டரை யார் பதிவு செய்கிறார்கள்?

நலவாரியம்? தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் இருந்து இருக்கிறது. பெயிண்டரும் அதில் சேரலாம். 18 முதல் 60 வயது வரை. விபத்துக்கும் மரணத்துக்கும் உதவித்தொகை உண்டு. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் வாரியத்துக்குப் போகிறதே, அந்தப் பணம் இவர்களுக்குத்தான். உங்கள் பெயிண்டரிடம் அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்பாவிடம் அட்டை இருந்தது. புதுப்பிக்காமல் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

02.01.2024, இரவு 10.15

'பாதிப் பேர் தண்ணி போட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்' என்று எழுதியவருக்கு.

இந்த ஒன்பது வருஷத்தில் என் சைட்டில் குடித்துவிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கண்ணால் பார்த்த ஏழு விழுதல்களில் ஒருவரும் குடித்திருக்கவில்லை. இரண்டு காலை எட்டு மணிக்கு, மூங்கிலில் பனி காயாதபோது. ஒன்று டைல்ஸ் தரையில், சிமென்ட் தூளைப் பெருக்காமல் ஏணி வைத்ததால். ஒன்று சாரப் பலகை கட்டப்படாமல் ஒரு முனை எம்பியது. இரண்டு பேர் சுமையோடு ஏறியவர்கள். ஒருவர் ஏன் விழுந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மத்தியானம், நல்ல வெயில், நல்ல ஏணி.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. குடித்திருந்தார் என்று முதலாளி மறுக்க இடம் உண்டு. ஆனால் ஆள் இறந்துவிட்டாலோ முழுக்க முடங்கிவிட்டாலோ அந்தக் காரணம் செல்லாது. எழுதியவரிடம் எனக்குப் பகை இல்லை. அப்பா விழுந்த அன்றைக்கு எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவர்.

05.01.2024, இரவு 9.25

சுமையோடு ஏறியவர்கள் என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு பேச்சு சித்தாள்கள் பக்கம் போயிருக்கிறது. போகட்டும், போக வேண்டிய இடம்தான்.

ஏணி ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். தலையில் கலவைச் சட்டி வைத்த அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது? ஒரு கை சட்டியில். சேலை நுனி காலில் மாட்டும், அதைச் சொருக இன்னொரு கை வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். அறுபது வயதை நெருங்கும் ஓர் அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு, 'சரி தம்பி, மூணாவது கையை நீ வாங்கிக் குடு' என்றார். சைட்டே சிரித்தது.

அடுத்த வாரம் கப்பியும் கயிறும் வாங்கி மாட்டினோம். கலவை வாளியில் மேலே போகும், ஆள் வெறும் கையோடு போவார். செங்கல்லைக் கை மாற்றிக் கொடுக்க ஏணிக்குப் பதில் மூன்று தட்டுச் சாரம். அதற்கு ஆன செலவு அந்தக் கட்டடத்தில் ஒரு கதவுக்கு ஆனதைவிடக் குறைவு.

06.01.2024, காலை 7.00

சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் புதுக்கோட்டைத் தம்பி எழுதியதை எல்லாரும் படியுங்கள். அங்கே மூன்று மீட்டருக்கு மேல் இருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் எழுதி, பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏற விடுகிறார்கள். அதே தம்பி லீவில் ஊருக்கு வந்து தன் வீட்டுக்கு லுங்கியோடு சன்ஷேடில் நின்று சுண்ணாம்பு அடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். ஆள் மாறவில்லை. கேட்பவர் இருக்கிற இடமும் இல்லாத இடமும்தான் வேறு.

இங்கே 2024 நிலவரப்படி 1996 கட்டடத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. ஏணிக்கு ஐ.எஸ். 3696 இரண்டாம் பாகம் என்று தனித் தரம்கூட இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இல்லை. 10 லட்சத்துக்குள் கட்டும் சொந்த வீட்டுக்கும் இல்லை. பெயிண்டரும் ஏணியும் புழங்குவதே அந்த மாதிரி இடங்களில்தான். 2014 ஜூன் 28 மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது நாடே பார்த்தது. ஒவ்வொருவராக, ஒவ்வொரு தெருவில் விழுபவர்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் சொன்னதும் முக்கியம். அலுமினிய ஏணியைத் தூக்கி நிமிர்த்தும்போது மேலே பாருங்கள். ஈ.பி. ஒயர் பக்கத்தில் அலுமினியம் வேண்டவே வேண்டாம். ஈர மூங்கிலும் வேண்டாம்.

14.01.2024, மாலை 6.40

இன்று போகி. வீட்டில் பழையது கழித்தோம்.

அப்பா விழுந்த ஏணி எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் கிடந்தது. ராசியில்லாத ஏணி, இனிமேல் இதில் யாரும் ஏற மாட்டோம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷமாக அதில் யாரும் ஏறியதில்லை. முருங்கைக்குப் பின்னால் ஷெட்டின் கீழே, மழை படாமல், சுவரோடு கிடந்தது. எரித்துவிடலாம் என்று காலையில் இழுத்துப்போட்டேன்.

பெயிண்டர் ஏணி எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். மூங்கிலே தெரியாது. அடித்த வீடெல்லாம் அதில் இருக்கும். மேலே ஒரு நீலம், அதன் கீழே ரோஸ், அதன் கீழே மஞ்சள் டிஸ்டெம்பர், அடியில் வெள்ளை. மரத்திலும் மூங்கிலிலும் செய்த ஏணிக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, விரிசல் மறைந்துவிடும் என்று நான் எத்தனையோ தடவை சைட்டில் சொல்லியிருக்கிறேன். சொன்ன எனக்கு இதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பட்டிக் கத்தியால் சுரண்டினேன். மேலிருந்து நாலாவது படி. நீலம் உரிந்தது, ரோஸ் உரிந்தது. படி பக்க மூங்கிலில் நுழையும் இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் மஞ்சள் இறங்கிக் காய்ந்திருந்தது. மஞ்சள் அடித்தபோதே அது பிளந்துதான் இருந்திருக்கிறது. நீலம்தான் அப்பா விழுந்த வீட்டு நிறம்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிய முடியாது அவரால். நான் தூக்கிப் பிடித்தேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். 'படி அமுங்குச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்லடா' என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. ஆட்டோவிலேயே சொன்னாராம், மருத்துவமனையிலும் சொன்னாராம். வலியில் உளறுகிறார் என்று நினைத்துவிட்டோம் என்றார் அம்மா.

டிசம்பர் 19-ஆம் தேதி இதே இழையில் நான் எழுதியதைப் பாருங்கள். எட்டி அடித்தார், சாய்ந்துவிட்டார். அது மேஸ்திரி சொன்னது. அதை வைத்துத்தான் அடுத்த குறிப்பில் ரேட், கணக்கு, மூன்று நிமிஷம் என்று அவ்வளவும் எழுதினேன். அந்தக் கணக்கு உண்மைதான், தினம் பார்க்கிறேன். ஆனால் அப்பா விழுந்தது அதனால் இல்லை. என் அப்பாவின் வார்த்தையைவிட மேஸ்திரி வார்த்தையை நான் பன்னிரண்டு வருஷம் நம்பியிருக்கிறேன்.

ஏணியை எரித்துவிட்டோம். அந்த ஒரு படியை மட்டும் அறுத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

15.01.2024, காலை 11.00

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. நேற்று எழுதியதற்கு இவ்வளவு பேர் பதில் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. வழக்குக்கு இனி வழி உண்டா என்று கேட்கிறார்கள். அப்பா வேண்டாம் என்கிறார், அவர் சொல்வதைத்தான் கேட்கப் போகிறேன்.

கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இருந்து அந்த ஏணி போய்விட்டதா? இருந்தால் கான்ட்ராக்டர் எடுத்துப் போவதற்குள் காலில் இருந்து தலைவரை போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு படியும், இரண்டு கால் நுனியும். அப்புறம் பெயிண்டரிடம் போய் எப்படி விழுந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அவர் வார்த்தையிலேயே.

21.01.2024, இரவு 8.50

கேட்டவர் எழுதியிருப்பதை இங்கே மேலே கொண்டுவந்து வைக்கிறேன், பக்கம் நீண்டுவிட்டதால் பலர் கண்ணில் படாது.

பெயிண்டருக்கு முதுகில் சின்ன முறிவு. பெல்ட் போட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் தேவையில்லை. ஏ.ஆர். காப்பியில் 'வழுக்கி விழுந்தார்' என்று மட்டும் இருந்ததாம். எந்த வீட்டில், என்ன வேலையில் இருந்தபோது, எத்தனை அடி என்று இவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு மருத்துவமனையில் கொடுத்துவிட்டார். கான்ட்ராக்டரிடமும் பேசியிருக்கிறார். முதலில் குரல் உயர்ந்ததாம். சட்டம், அரை மாதத் தவணை என்று சொன்ன பிறகு இறங்கி வந்து 3,750 ரூபாய் கொடுத்திருக்கிறார். அடுத்தது பிப்ரவரி முதல் வாரம். வரவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், மனுவை நாம் சேர்ந்தே தயார் பண்ணுவோம்.

ஏணி இன்னும் அவர் வீட்டுப் போர்டிகோவில்தான் இருக்கிறதாம். இரும்பு ஏணி. இடது காலில் ரப்பர் இருக்கிறது, வலது காலில் இல்லை. பெயிண்டர் சொன்னதை அவர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்: 'ரப்பர் இல்லைன்னு முதல் நாளே சொன்னேன் சார். சாக்கை மடிச்சுப் போட்டுக்கன்னாங்க. மூணாவது நாள் சாக்கு நனைஞ்சிருந்துச்சு.'